துளிக்காசும் ஒரு விருந்தாளியும்

அன்று காலைக் காப்பிக்காகக் கோதை மூன்று காசை உடைத்தாள்.

வழக்கமாக இரண்டுதான். ஆனால் வீட்டில் விருந்தாளி இருக்கும்போது காப்பியில் கஞ்சத்தனம் காட்டினால் எந்தக் கோளிலும் மரியாதை கிடையாது. நெல்லிக்காய் அளவிலிருந்த கண்ணாடிக் காசைப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள். உள்ளே அடைத்திருந்த ஒரு மடக்குத் தண்ணீர் பாத்திரத்தில் விழுந்தது. உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி மறுவார்ப்புப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த காசை எடுத்தாள். அந்த விருந்தாளிக்குக் காப்பி குடிக்க வாயே கிடையாது என்பது வேறு விஷயம்.

செவ்வாயின் பவழவாசல் குடியிருப்பில் தண்ணீர்தான் பணம். துருவத்துப் பனியைச் சுரண்டி எடுத்து, உருக்கி, கண்ணாடிக்குள் அடைத்து நீர்ச்சபை வெளியிடுவது துளிக்காசு. அதைவிடப் பெரியது பெருங்காசு. எலுமிச்சை அளவு, ஐந்து துளிக்குச் சமம். கடையில் கொடுத்தால் சாமான் வாங்கலாம். தாகமெடுத்தால் உடைத்துக் குடிக்கலாம். குடித்ததும் வியர்த்ததும் குழாய் வழியே நீர்ச்சபைக்கே திரும்பிப் போய், மறுபடி காசாகி, சம்பளமாக வரும். பூமியில் ஊதாரியைப் பற்றி, 'பணத்தைத் தண்ணியாச் செலவழிக்கிறான்' என்பார்களாம். பவழவாசலில் ஒருவனை அப்படிச் சொன்னால் பெண் கொடுக்க ஓடி வருவார்கள்.

கோதை காப்பியை இறக்கி, கூடத்தில் உட்கார்ந்திருந்த விருந்தாளியின் முன்னால் வைத்தாள்.

"நன்றி, அம்மையே. தங்கள் விருந்தோம்பல் பதிவு செய்யப்பட்டது" என்றது மதிப்பீட்டாளர்.

ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான இயந்திரம். சாம்பல் நிறம். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பச்சைக் கோடு. வந்த நாளிலிருந்து அது பேசியதெல்லாம் அச்சடித்த தமிழ். அந்தப் பச்சைக் கோடு தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் கோதை தன் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆறிப்போன காப்பியை, வீணாகக் கூடாதே என்று அவள் கணவன் சேந்தன் எடுத்துக் குடித்தான். அந்த வாரம் முழுக்க இரண்டு காப்பி குடித்த ஒரே ஆள் அவன்தான்.

அவர்களுடைய மகள் அல்லிக்குப் பத்து வயது நிறைந்துவிட்டது. அதனால்தான் இந்த விருந்தாளி.

இரண்டு தலைமுறைக்கு முன்னால் பவழவாசலில் ஒரு வறட்சி வந்தது. அடுத்த வருடத்துப் பனியை இந்த வருடமே கடனாக வாங்கி ஊரே குடித்துத் தீர்த்ததால் வந்த வறட்சி. அதன் பிறகு ஒரு சட்டம் போட்டார்கள். பத்து வயதாகும் ஒவ்வொரு குழந்தைக்கும் 'இல்லத் தேர்வு'. பள்ளிக்கூடத்தில் அல்ல, வீட்டில். ஒரு மதிப்பீட்டாளர் விருந்தாளியாக வந்து ஐந்து நாள் தங்கும். குழந்தைக்குப் பணப் பழக்கம் எப்படிக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும். தேறினால் குழந்தையின் கட்டைவிரல் ரேகை நீர்ச்சபையில் பதிவாகும். அதன் பிறகு தன் காசைத் தானே ஆளலாம். தேறாவிட்டால் பனிமுனைச் சிக்கன விடுதி. பதினாறு வயது முடியும்வரை வீட்டுப் பக்கம் வர முடியாது.

போன மாதம் பின்வரிசை வீட்டுப் பெண் ஒருத்தியை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவளுடைய அம்மா குடியிருப்பின் வெளிவாசல் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து வெகுநேரம் நின்றாள். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தது. பாசிப்பண்ணை வேலைக்குப் போகும்போது கோதை தினமும் அதைத் தாண்டித்தான் போனாள். துடைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அந்தப் பிசுக்கைப் பார்த்த அன்றே அவள் அல்லியை 'வெற்றிப்படி' பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டாள். பாசிப்பண்ணையில் அவள் வாங்கும் சம்பளத்தில் நான்கு மாதத்துக் காசு, கட்டணம். தவணையில் கட்டலாம் என்றார்கள். கட்டினாள். எங்கிருந்து வந்தது என்று சேந்தன் கேட்டதற்கு, சேர்த்து வைத்திருந்தேன் என்றாள். அவன் அதற்குமேல் கிண்டவில்லை. கிண்டினால் அவளும் அவனைக் கிண்டுவாள். அது இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

மையத்தில் சொல்லிக்கொடுத்தது எல்லாம் நல்ல விஷயம்தான். வருகிற காசை மூன்று குடுவையில் பிரித்துப் போடு: செலவு, சேமிப்பு, கொடை. தேவை வேறு, ஆசை வேறு. கடன் வாங்காதே. அடுத்தவர் காசைத் தொடாதே. அல்லி எல்லாவற்றையும் தலைகீழாக ஒப்பித்தாள். ஒரே ஒரு சிக்கல்தான். மூன்று குடுவைக்குள் போட வீட்டில் காசு இல்லை.

அதற்கும் மையத்திலேயே வழி இருந்தது. நடத்துகிறவர் தில்லைராசன், கதவைச் சாத்திவிட்டு மேசைக்கடியிலிருந்து மூன்று குடுவைகளை எடுத்து வைத்தார். தேர்வு வாரத்துக்கு மட்டும் வாடகை. மேலடுக்கு நிஜக் காசு. அதற்குக் கீழே எல்லாம் பிசின். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நிஜக் காசைச் சாய்த்தால் உள்ளே இருக்கும் சின்னக் குமிழி ஓடும்; பிசின் காசில் குமிழி உறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

"மேலாக எடுக்கச் சொல்லுங்கம்மா, போதும்" என்றார் தில்லைராசன். "ஊர்ல பாதிப் பேர் வீட்ல இதே குடுவைதான் போய் உக்காந்துட்டு வருது."

அல்லியிடம் கோதை இதைச் சொல்லவில்லை. நேர்மைதான் தேர்வின் முதல் பாடம். குழந்தை மனசைக் கெடுப்பானேன்.

நான்காம் நாளான அன்று, காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டு மரகதம். இடுப்பில் கைக்குழந்தை, காய்ச்சலில் துவண்டு கிடந்தது. மருந்து கரைக்க ஒரு காசு வேண்டும், சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றாள்.

"அக்கா, இருங்க" என்று அல்லி எழுந்தாள். "கொடைக் குடுவைல இருக்கு. திருப்பித் தர வேண்டாம்."

கோதைக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அல்லியின் கை குடுவைக்குள் முழங்கைவரை இறங்கும்வரை.

"மேலாக எடு கண்ணு" என்றாள் கோதை.

"இல்லம்மா. பழைய காசை முதல்ல செலவழிக்கணும். புதுசு மேல, பழசு கீழ. மையத்துல சொல்லிக் குடுத்தாங்கள்ல."

பச்சைக் கோடு குடுவையின் பக்கம் திரும்பியது.

அல்லியின் விரல்கள் அடியில் துழாவி ஒரு காசைப் பிடித்தன. கண்ணாடி வழியாக அதன் குமிழி கோதையின் கண்ணுக்குத் தெரிந்தது. அசையவில்லை. மரகதம் இங்கேயே அதைத் தட்டி உடைப்பாள். பிசின் கட்டி ஒன்று கையில் நிற்கும். குழந்தை வீறிடும். அப்புறம் வெளிவாசல் கண்ணாடியில் இன்னொரு நெற்றிப் பிசுக்கு.

எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தன் இடுப்புப் பையிலிருந்த கடைசித் துளிக்காசை மரகதத்தின் கையில் திணித்துவிட்டாள். நீ சின்னப் பெண், உன் காசு இருக்கட்டும், பெரியவங்க நாங்க எதுக்கு இருக்கோம் என்று சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கியது. அது பாசத்தில் நடுங்குவதாக மரகதம் நினைத்துக்கொண்டு கண் கலங்கிப் போனாள்.

அல்லி காசை மறுபடி குடுவைக்குள் நழுவவிட்டாள். 'டங்' என்று அது விழுந்த ஓசை சற்றுக் கெட்டியாகக் கேட்டது. மதிப்பீட்டாளர் எழுந்து வந்தது. குடுவையைத் தூக்கி, இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. மேலடுக்கில் குமிழிகள் ஓடின. சேந்தன் ஜன்னலுக்கு வெளியே, வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் செம்மண்ணை முதல்முறை பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாயின் ஈகை பதிவு செய்யப்பட்டது" என்றது மதிப்பீட்டாளர். குடுவையைக் கீழே வைத்தது.

அன்று முழுக்கக் கோதைக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் மாலை, மதிப்பீட்டாளர் கூடத்தின் நடுவில் நின்று முடிவைப் படித்தது. தேவையையும் ஆசையையும் பிரித்தறிதல்: சிறப்பு. சேமிப்பு: சிறப்பு. பிறர் பொருளைத் தொடாமை: முழு மதிப்பெண். மொத்தத்தில் அல்லி தேறிவிட்டாள்.

கோதை சுவரைப் பிடித்துக்கொண்டாள். சேந்தன் அல்லியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். வாரம் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்க, கோதை அழுதுகொண்டே சிரித்து, மதிப்பீட்டாளருக்குக் காப்பி போடட்டுமா என்று கேட்டாள்.

அது வேண்டாமென்று கையசைத்துவிட்டு வாசலுக்கு நடந்தது. மூவரும் வழியனுப்பப் பின்னாலேயே போனார்கள். கதவைத் தாண்டி ஒரு கால் வைத்தது. அப்புறம், ஏதோ மறந்துபோனதுபோல நின்றது.

"பாப்பா, இங்க வா" என்றது.

கோதைக்குச் சட்டென்று உறைக்கவில்லை. ஐந்து நாளாக அச்சடித்த தமிழ் பேசிய குரல், ஊரிலிருந்து வந்த மாமாவின் குரல்போலக் கனிந்திருந்தது. மதிப்பீட்டாளரின் மார்பில் சின்னக் கதவு ஒன்று திறந்தது. உள்ளேயிருந்து எலுமிச்சை அளவில் ஒரு பெருங்காசு. அதை அல்லியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடியது.

"வந்த வீட்டுக் குழந்தைக்கு ஒண்ணும் குடுக்காமப் போனா நல்லாருக்குமா? வெச்சுக்கோடா."

"ஐயோ, எதுக்கு சார் இதெல்லாம்? வேண்டாம் சார்" என்றாள் கோதை. அவளாகச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. பூமியை விட்டுக் கிளம்பும்போது எதை எதையோ பாரம் என்று விட்டுவிட்டு வந்தவர்கள், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

"இருக்கட்டும்மா. குழந்தைக்குத்தானே."

"அங்கிளுக்குத் தாங்க்ஸ் சொல்லு" என்றாள் கோதை. அல்லி சொன்னாள். காசைச் சாய்த்துச் சாய்த்துக் குமிழி ஓடுவதைப் பார்த்தாள். அவள் கையில் பெருங்காசு முழுதாக மூன்று விநாடி இருந்திருக்கும்.

கோதையின் கை நீண்டது.

"குடு கண்ணு. தொலைச்சிடுவ. அம்மா பத்திரமா வெச்சிருக்கேன்."

அல்லி பழக்கப்படி கொடுத்தாள். காசு பழக்கப்படி கோதையின் இடுப்புப் பைக்குள் போனது.

மதிப்பீட்டாளர் நகரவில்லை. தாண்டிய காலை மெதுவாக உள்ளே எடுத்து வைத்தது. அதன் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது.

"தேர்வின் கடைசிக் கேள்வி இப்போதுதான் முடிந்தது" என்றது. மறுபடி அச்சடித்த தமிழ். "அல்லி, இதுபோல் உறவினர் கொடுத்த காசுகளில் எத்தனையை உன் அம்மா வைத்திருக்கிறார்?"

அல்லிக்கு அது சுலபமான கேள்வி. காது குத்தியபோது பெரிய மாமா வைத்தது, அத்தை மூன்றாம் வளையக் குடியிருப்பிலிருந்து வந்தபோது வைத்தது, பிறந்தநாளுக்கு வந்தவர்கள், புதுவீடு பார்க்க வந்தவர்கள், அப்பாவின் சிநேகிதர் போதையில் இரண்டு தடவை வைத்தது என்று ஒன்று விடாமல் விரல் விட்டு எண்ணினாள்.

"நாற்பத்தொண்ணு. இதோட நாற்பத்திரெண்டு" என்றாள்.

"எங்கே இருக்கின்றன?"

"பத்திரமா இருக்கு" என்றாள் அல்லி. அந்தக் குரலில் துளி சந்தேகம் இல்லை. அதுதான் கோதையைக் கொன்றது.

பச்சைக் கோடு கோதையின் முகத்தில் வந்து நின்றது. "எடுத்துக் காட்டுங்கள்."

கோதை சேந்தனைப் பார்த்தாள். சேந்தன் செம்மண்ணைப் பார்த்தான். அல்லி அம்மாவைப் பார்த்தாள். முதலில் ஆவலாக. அப்புறம் குழப்பமாக. அப்புறம் அந்தப் பார்வையில் ஒன்று மெல்ல அணைந்தது.

"எல்லாம் இவளுக்காகத்தான் சார் செலவு பண்ணினேன்" என்றாள் கோதை. "பயிற்சி மையத்துக்குக் கட்டினேன். என் நகைக்கா கட்டினேன்? இவ படிக்கத்தானே."

"அந்த மையத்தில் கற்றுக்கொடுத்தது என்ன?"

அல்லிதான் சொன்னாள், பாடம் ஒப்பிக்கும் குரலில்: "அடுத்தவர் காசைத் தொடாதே. கடன் வாங்காதே."

பிறகு கோதை குடுவைகளைக் காட்டி, பிசின் விஷயத்தையும் தானே கொட்டிவிட்டாள். மறைத்து என்ன ஆகப்போகிறது. மதிப்பீட்டாளர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"முதல் நாளே தெரியும். அதற்கெல்லாம் மதிப்பெண் குறைத்தால் இந்த வரிசையில் ஒரு வீடும் தேறாது."

"அப்ப, இதை மட்டும் ஏன் கேட்டீங்க? மையத்துல குடுத்த வினாத்தொகுப்புல இந்தக் கேள்வியே இல்லையே" என்றாள் கோதை.

"இருக்காது. இதில் தோற்றவர் எவரும் வெளியே சொல்வதில்லை."

கோதை அல்லியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பனிமுனையில் குழந்தைகள் தூங்கும் கூடத்தில் சூடு பற்றாதாம், போய்ப் பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாத்திரம் தேய்க்கிறேன், பனி சுரண்டுகிறேன், அவளை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

"தேறியவளை எதற்கு அனுப்ப வேண்டும்?" என்றது மதிப்பீட்டாளர். "தேறாதவர் தாங்கள்தான். தேறாதவர் கையில் காசு கொடுக்கக் கூடாது. வீட்டில் தேறிய ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். சட்டம் இவ்வளவுதான்."

சேந்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அரை அடி முன்னே வந்தான்.

"செவ்வாய்க்கிழமை மதியம், குழந்தை பள்ளியிலிருந்தபோது, அவளுடைய உண்டியலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியது தாங்கள்தானே?" என்று கேட்டது மதிப்பீட்டாளர்.

சேந்தன் அரை அடி பின்னே போனான்.

அல்லியின் கட்டைவிரல் ரேகை பதிவாயிற்று. கோதையின் சம்பளம், சேந்தனின் சம்பளம், வீட்டுக் குழாயின் பூட்டு, மூன்றும் அந்தச் சின்ன விரலுக்குக் கட்டுப்பட்டன. இவர்கள் எப்போது திருந்தினார்கள் என்று முடிவு செய்வதும் அந்த விரல்தான். போகும்போது மதிப்பீட்டாளர் அல்லியை வணங்கிவிட்டுப் போனது. பெரியவர்களுக்கு வெறும் தலையசைப்பு.

அடுத்த இரண்டு மாதம் பவழவாசலில் யாருக்கும் எதுவும் தெரியாது. கேட்டால், அல்லி தேறிவிட்டாள் என்று சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

ஆண்டுவிழாவுக்குப் பாசிப்பண்ணையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பெருங்காசு கொடுத்தார்கள். சம்பளத்தில் சேராதது, கையில் வைத்தது. கோதை அதை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தாள். முழங்கால் வலிக்கு ஒரு வெப்பப் பட்டை வாங்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. வெளிவாசல் கண்ணாடியைத் தாண்டும்போது பிசுக்கைக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்தது. அல்லி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே இடது கையை நீட்டினாள்.

"மரகதம் அக்கா சொன்னாங்க, இன்னிக்கு எல்லாருக்கும் குடுத்தாங்களாமே. குடும்மா."

"இது சம்பளம் இல்லடி. எனக்குன்னு குடுத்தது."

"தொலைச்சிடுவ. நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

கோதை பையிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு மாதமாகக் கேட்க நினைத்து அடக்கி வைத்திருந்ததை இப்போது கேட்டாள். இதுவரை வாங்கிக்கொண்ட சம்பளமெல்லாம் எங்கே? கண்ணால் பார்க்க வேண்டும். எடுத்துக் காட்டு.

அல்லி எழுதுவதை நிறுத்தினாள். அவள் முகத்தில் வந்த பொறுமை கோதைக்கு நன்றாகத் தெரிந்த பொறுமை. தினமும் கண்ணாடியில் பார்த்தது.

"எல்லாம் உனக்காகத்தான்மா செலவு பண்ணியிருக்கேன். வெற்றிப்படியில பெரியவங்களுக்குப் புதுசா வகுப்பு ஆரம்பிச்சிருக்காங்க. கடன் இல்லாம வாழறது எப்படின்னு. உன்னையும் அப்பாவையும் சேத்து விட்டிருக்கேன், திங்கக்கிழமையிலேர்ந்து."

"அவ்வளவு காசுமா கட்டிட்ட?"

"அவ்வளவு எங்கம்மா இருந்துது?" என்றாள் அல்லி. பெருங்காசை அம்மாவின் விரல்களிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்து, விளக்குக்கு நேராகச் சாய்த்தாள். குமிழி ஓடியது. நிஜக் காசுதான்.

"தவணைலதான் சேத்திருக்கேன். இது ரெண்டாவது தவணைக்கு."